மாட்யூல் போட்டதும் லினக்ஸ் பூட் ஆகவில்லையா? பார்மட் செய்யும் முன் இதைப் படியுங்கள்

அரசுப் பள்ளி, அரசு உதவி பெறும் பள்ளி மாணவர்களுக்கு லேப்டாப் வழங்கும் திட்டம் தமிழகத்தில் 2011-ம் ஆண்டு செப்டம்பர் 15-ம் தேதி தொடங்கப்பட்டது. அப்போது வந்த லேப்டாப்களில் விண்டோஸுடன் பாஸ் லினக்ஸும் சேர்த்தே பதியப்பட்டிருந்தது. பாஸ் என்பது பாரத் ஆப்பரேட்டிங் சிஸ்டம் சொல்யூஷன்ஸ் என்பதன் சுருக்கம். டெபியன் லினக்ஸை அடிப்படையாக வைத்து சென்னையில் உள்ள சி-டாக் உருவாக்கியது. அண்ணனோ அக்காவோ பள்ளியில் வாங்கிய அந்த லேப்டாப் மூலம்தான் பல வீடுகளுக்கு முதல் கம்ப்யூட்டர் வந்தது.

விண்டோஸ் 10-க்கு மைக்ரோசாஃப்ட் தந்து வந்த இலவசப் பாதுகாப்பு ஆதரவு 2025 அக்டோபர் 14-ம் தேதியோடு முடிந்துவிட்டது. பழைய லேப்டாப்கள் பலவற்றில் விண்டோஸ் 11 ஏறாது. எனவே பழைய கம்ப்யூட்டருக்கு உயிர் கொடுக்க உபுண்டு, லினக்ஸ் மின்ட் என்று பலரும் மாறுகிறார்கள். லினக்ஸ் நன்றாக ஓடுகிறது. வைஃபை மட்டும் கிடைக்கவில்லை. அதற்கு ஒரு டிரைவர் மாட்யூலை நிறுவி, ரீஸ்டார்ட் கொடுக்கிறோம். அவ்வளவுதான்! கறுப்புத் திரை வந்து அப்படியே நின்றுவிடுகிறது.

மேல்மலையனூர் போன்ற ஊரில் இருப்பவர் கம்ப்யூட்டரைத் தூக்கிக்கொண்டு செஞ்சிக்கோ திண்டிவனத்துக்கோ பஸ் ஏற வேண்டும். அங்கே பெரும்பாலும் கிடைக்கும் பதில், "பார்மட் பண்ணிடலாம்" என்பதுதான். பார்மட் செய்தால் கம்ப்யூட்டர் ஓடும். ஆனால் பிள்ளையின் புராஜெக்ட், ஸ்கேன் செய்து வைத்த சான்றிதழ்கள், அமாவாசை ஊஞ்சல் உற்சவத்தில் எடுத்த போட்டோக்கள் எல்லாம் போய்விடும். இதில் வேதனை என்னவென்றால், மாட்யூல் கோளாறு உங்கள் பைல்களைத் தொடுவதே இல்லை. அவை ஹார்ட் டிஸ்க்கில் பத்திரமாகவே இருக்கின்றன.

மாசித் தேரோட்டத்தில் தேர் நின்றுவிட்டால் யாரும் தேரைப் பிரிப்பதில்லை. எந்தச் சக்கரத்தில் கட்டை சிக்கியிருக்கிறது என்று குனிந்து பார்த்து, அந்தக் கட்டையை மட்டும் எடுக்கிறார்கள். இங்கேயும் அதே வேலைதான். எப்படி என்று பார்ப்போம்.

மாட்யூல் என்றால் என்ன?

லினக்ஸின் இதயம் கெர்னல். 1991-ல் லினஸ் டோர்வால்ட்ஸ் எழுதத் தொடங்கியது இதைத்தான். கீபோர்டு, மவுஸ், ஹார்ட் டிஸ்க், வைஃபை என எல்லா ஹார்டுவேருடனும் பேசுவது கெர்னலின் வேலை. உலகத்தில் உள்ள எல்லா வைஃபை கார்டுக்கும் தேவையான புரோகிராமை கெர்னலுக்குள்ளேயே திணித்தால் அது மிகப் பெரிதாகிவிடும். ஆகவே அவற்றைத் தனித்தனித் துண்டுகளாக வைத்து, தேவைப்படும்போது மட்டும் கெர்னலுடன் சேர்த்துக்கொள்கிறார்கள். இந்தத் துண்டுதான் மாட்யூல். விண்டோஸில் நாம் டிரைவர் என்று சொல்வதில் பெரும்பகுதி லினக்ஸில் மாட்யூலாக இருக்கிறது.

இங்கே முக்கியமான ஒரு விஷயம். சாதாரண புரோகிராம் ஒன்று தவறு செய்தால் அந்த புரோகிராம் மட்டும் மூடிக்கொள்ளும். மாட்யூல் கெர்னலின் உள்ளே போய் உட்கார்ந்து வேலை செய்கிறது. அது தவறு செய்தால் கம்ப்யூட்டரே நின்றுவிடும்.

இன்னொன்றையும் நினைவில் வையுங்கள். ஒவ்வொரு மாட்யூலும் ஒரு குறிப்பிட்ட கெர்னல் பதிப்புக்காகத் தயாரிக்கப்பட்டது. ஒரு பதிப்புக்கான மாட்யூலை இன்னொரு பதிப்பில் போட்டால் சாதாரணமாகக் கெர்னல் அதை ஏற்காது. ஹார்ட் டிஸ்க்கில் ஒவ்வொரு கெர்னல் பதிப்புக்கும் தனி மாட்யூல் போல்டர் இருப்பது இதனால்தான். நம்மைக் காப்பாற்றப்போவதும் இந்த ஏற்பாடுதான்.

பூட் ஆகும் வரிசை

பவர் பட்டனை அழுத்தியது முதல் டெஸ்க்டாப் வரும் வரை நடப்பவை இவை:

1. பயாஸ் அல்லது யுஇஎஃப்ஐ விழித்து, ஹார்டுவேரைச் சோதிக்கிறது. கம்பெனி லோகோ தெரிவது இப்போதுதான்.

2. கிரப் என்ற பூட் லோடர் வருகிறது. எந்தக் கெர்னல், லினக்ஸா விண்டோஸா என்று தேர்ந்தெடுக்கும் மெனு இதனுடையது.

3. கெர்னலும், அதனுடன் இனிட்ராம்எஃப்எஸ் என்ற சிறிய பொட்டலமும் மெமரியில் ஏறுகின்றன. ஹார்ட் டிஸ்க்கைத் திறக்கத் தேவையான மாட்யூல்கள் இந்தப் பொட்டலத்தில் இருக்கும்.

4. கெர்னல் ஹார்ட் டிஸ்க்கின் முக்கியப் பார்ட்டிஷனைத் திறக்கிறது. பிறகு மற்ற மாட்யூல்கள் ஒவ்வொன்றாக ஏறுகின்றன.

5. கிராஃபிக்ஸ் தொடங்கி, லாகின் திரை வருகிறது.

கம்ப்யூட்டர் எந்தப் படியில் நிற்கிறது என்று தெரிந்துவிட்டால் பாதி வேலை முடிந்தது.

அறிகுறியும் காரணமும்

கிரப் மெனுவே வரவில்லை, கம்பெனி லோகோவோடு நிற்கிறது என்றால் பெரும்பாலும் மாட்யூல் காரணம் அல்ல. மாட்யூல் ஏறும் கட்டம் இன்னும் வரவே இல்லை. ஹார்ட் டிஸ்க்கையோ கிரப்பையோதான் சோதிக்க வேண்டும்.

"கெர்னல் பேனிக்" என்ற வாசகம் திரையில் வந்து, அதே வரியில் ரூட் பார்ட்டிஷனைத் திறக்க முடியவில்லை என்று இருந்தால், மூன்றாம் படியில் உள்ள பொட்டலம் இல்லை அல்லது பாதியில் நின்றுவிட்டது என்று பொருள். சில லேப்டாப்களில் அப்போது கேப்ஸ் லாக் விளக்கு விட்டுவிட்டு எரியும்.

எழுத்துகள் வரிசையாக ஓடி ஒரே இடத்தில் நின்றால், அந்த நேரத்தில் ஏறிய ஏதோ ஒரு மாட்யூல் சிக்கியிருக்கலாம். கடைசி நான்கைந்து வரிகளில் அதன் பெயர் இருக்க வாய்ப்பு அதிகம்.

எல்லாம் ஓடி முடிந்து, லாகின் வர வேண்டிய இடத்தில் திரை கறுப்பாக இருந்தால், கிராஃபிக்ஸ் மாட்யூலைச் சந்தேகப்படுங்கள். என்விடியா கார்டு உள்ளவர்களுக்கு இது அடிக்கடி வரும்.

ஏன் இப்படி நடக்கிறது?

முதல் காரணம், ஒரே ஹார்டுவேருக்கு இரண்டு மாட்யூல்கள் போட்டி போடுவது. பிராட்காம் வைஃபை கார்டுக்கு கெர்னலோடு வரும் பி43 என்ற மாட்யூல் உண்டு. கம்பெனியே தரும் டபிள்யூஎல் என்ற மாட்யூலும் உண்டு. இரண்டில் ஒன்றுதான் இருக்க வேண்டும். என்விடியாவிலும் இதே கதை: கெர்னலோடு வரும் நூவோ ஒரு பக்கம், கம்பெனி தரும் என்விடியா மாட்யூல் மறுபக்கம்.

இரண்டாவது காரணம், கெர்னல் மாறியும் மாட்யூல் மாறாதது. வெளியிலிருந்து நிறுவிய மாட்யூலைப் புதிய கெர்னல் வரும்போதெல்லாம் மறுபடி தயாரிக்க வேண்டும். டிகேஎம்எஸ் என்ற ஏற்பாடு இதைத் தானாகச் செய்யும். இது டெல் கம்பெனியில் உருவானது. ஆனால் புதிய கெர்னலுக்கான ஹெடர்ஸ் பைல்கள் கம்ப்யூட்டரில் இல்லை என்றால் அதனாலும் முடியாது.

மூன்றாவது காரணம் இடப் பற்றாக்குறை. பூட் பார்ட்டிஷனைத் தனியாகச் சிறியதாக வைத்திருப்பவர்களுக்குப் பழைய கெர்னல்கள் சேர்ந்து அது நிரம்பிவிடும். புதிய பொட்டலத்தை எழுத இடம் இருக்காது. நிறுவும்போது வந்த எச்சரிக்கையைக் கவனிக்காமல் ரீஸ்டார்ட் செய்தால் அடுத்த முறை பூட் ஆகாது.

இனி சரிசெய்வோம்

படி 1: எழுதி வையுங்கள்

திரையில் உள்ள கடைசி வரிகளை மொபைல் போனில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். கடைசியாக என்ன நிறுவினீர்கள், எங்கிருந்து எடுத்தீர்கள் என்று ஒரு தாளில் குறித்துக்கொள்ளுங்கள். புதிதாகச் செருகிய யுஎஸ்பி வைஃபை, பிரின்டர், டாங்கிள் எல்லாவற்றையும் கழற்றிவிட்டு ஒரு முறை பூட் செய்து பாருங்கள். அந்த ஹார்டுவேர் இல்லாதபோது அதன் மாட்யூல் பெரும்பாலும் ஏறாது. இதிலேயே சரியாகிவிட்டால் குற்றவாளி யார் என்று தெரிந்துவிட்டது.

படி 2: பழைய கெர்னலில் நுழையுங்கள்

கம்ப்யூட்டரை ஆன் செய்ததும், பழைய பயாஸ் உள்ள மெஷின் என்றால் ஷிப்ட் கீயை அழுத்திப் பிடியுங்கள். யுஇஎஃப்ஐ உள்ள மெஷின் என்றால் லோகோ மறையும் நேரத்தில் எஸ்கேப் கீயை ஒரு முறை தட்டுங்கள். கிரப் மெனு வரும். விண்டோஸும் சேர்ந்து இருக்கும் கம்ப்யூட்டரில் இந்த மெனு தானாகவே வருவது வழக்கம்.

மெனுவில் "அட்வான்ஸ்டு ஆப்ஷன்ஸ்" என்று தொடங்கும் வரியில் என்டர் தட்டுங்கள். கெர்னல் பதிப்புகளின் பட்டியல் வரும். மேலே இருப்பது புதியது, அதற்குக் கீழே பழையது. பழையதைத் தேர்ந்தெடுங்கள். அதன் மாட்யூல் போல்டர் தனி என்பதால், கோளாறு புதிய பதிப்பில் மட்டும் இருந்தால் டெஸ்க்டாப் வந்துவிடும். டிகேஎம்எஸ் மூலம் நிறுவிய மாட்யூல் எல்லாப் பதிப்புகளிலும் ஏறியிருக்கக்கூடும். அப்படியானால் பழையதும் நிற்கும். கவலை வேண்டாம், அடுத்த படிக்குப் போகலாம்.

படி 3: மாட்யூலுக்குத் தற்காலிகத் தடை

கிரப் மெனுவில் வழக்கமான லினக்ஸ் வரியின் மேல் நின்றுகொண்டு, ஆங்கில "இ" எழுத்தைத் தட்டுங்கள். சில வரிகள் கொண்ட திரை திறக்கும். "லினக்ஸ்" என்ற சொல்லில் தொடங்கும் நீண்ட வரியைத் தேடுங்கள். அதன் கடைசிப் பக்கத்தில் "கொயட்", "ஸ்பிளாஷ்" என்ற இரண்டு சொற்கள் இருக்கும். பூட் ஆகும்போது வரும் செய்திகளை மறைப்பவை இவை. இரண்டையும் அழித்துவிடுங்கள். இனி கம்ப்யூட்டர் என்ன செய்கிறது என்பது திரையில் தெரியும்.

கறுப்புத் திரை பிரச்சினை என்றால், அதே இடத்தில் ஆங்கிலத்தில் நோ, மோட், செட் ஆகிய மூன்று சொற்களையும் இடைவெளி இல்லாமல் ஒரே சொல்லாகச் சிறிய எழுத்தில் டைப் செய்யுங்கள். கிராஃபிக்ஸ் மாட்யூல்கள் திரையின் அமைப்பை மாற்றாமல் இது தடுக்கும். படம் சற்று மங்கலாக, பெரிதாகத் தெரியலாம். இப்போதைக்கு அது போதும்.

வைஃபை போன்ற வேறு மாட்யூல் என்றால், "மாட்ப்ரோப்", புள்ளி, "பிளாக்லிஸ்ட்", சமக்குறி, மாட்யூலின் பெயர் ஆகியவற்றை இடைவெளி இல்லாமல் ஆங்கிலத்தில் டைப் செய்யுங்கள். மாட்ப்ரோப் என்பது மாட்யூல் என்ற சொல்லின் முதல் மூன்று எழுத்துகளும், தேடுதல் என்று பொருள்படும் ப்ரோப் என்ற சொல்லும் சேர்ந்தது.

பிறகு எஃப்10 கீயை அழுத்தினால் பூட் ஆகத் தொடங்கும். இங்கே செய்த மாற்றம் இந்த ஒரு தடவைக்கு மட்டுமே. ஹார்ட் டிஸ்க்கில் எதுவும் எழுதப்படுவதில்லை. தவறாக டைப் செய்துவிட்டாலும் ரீஸ்டார்ட் செய்தால் பழையபடி ஆகிவிடும். ஆகவே பயமின்றி முயன்று பாருங்கள்.

படி 4: நிரந்தரமாகச் சரிசெய்தல்

டெஸ்க்டாப் வந்துவிட்டால் முதல் வேலை, முக்கியமான பைல்களைப் பென் டிரைவில் காப்பி செய்வது. அதன் பிறகே மற்றது.

லினக்ஸ் மின்ட் என்றால் "டிரைவர் மேனேஜர்", உபுண்டு என்றால் "அடிஷனல் டிரைவர்ஸ்" என்ற புரோகிராமைத் திறங்கள். எந்த ஹார்டுவேருக்கு எந்த டிரைவர் என்று பட்டியல் இருக்கும். நீங்கள் நிறுவியதை விட்டுவிட்டு, ஓப்பன் சோர்ஸ் என்று குறித்திருப்பதையோ, பரிந்துரை என்று குறித்திருப்பதையோ தேர்ந்தெடுங்கள். பேக்கேஜாக நிறுவிய மாட்யூல் என்றால் சினாப்டிக் பேக்கேஜ் மேனேஜரில் அதன் பெயரைத் தேடி, "முழுமையாக நீக்கு" என்ற வகையைத் தேர்ந்தெடுத்து எடுத்துவிடலாம்.

பேக்கேஜாக இல்லாமல், இணையத்தில் எடுத்த கோடைக் கம்பைல் செய்து நிறுவியிருந்தால், அந்த போல்டரில் உள்ள ரீட்மீ பைலில் அன்இன்ஸ்டால் செய்யும் முறை இருக்கிறதா என்று பாருங்கள். பூட் ஆகும்போதே ஏற வேண்டும் என்று மாட்யூலின் பெயரை நீங்கள் எட்செட்ரா போல்டரில் உள்ள "மாட்யூல்ஸ்" பைலில் சேர்த்திருந்தால், அந்த வரியின் முன்னால் ஒரு ஹேஷ் குறி இடுங்கள். அந்த வரி செயல்படாது. லினக்ஸில் எட்செட்ரா போல்டரின் பெயர் இ, டி, சி என்ற மூன்றே எழுத்துகள்.

மாட்யூலை எடுத்தால் மட்டும் போதாது. இனிட்ராம்எஃப்எஸ் பொட்டலத்துக்குள்ளும் அது போயிருக்கலாம். பொட்டலத்தைப் புதிதாகக் கட்ட வேண்டும். டெர்மினலைத் திறந்து, சூடோ, இடைவெளி, அப்டேட், இணைகோடு, இனிட்ராம்எஃப்எஸ், இடைவெளி, கழித்தல் குறியுடன் யு, இடைவெளி, கழித்தல் குறியுடன் கே, இடைவெளி, ஆல் என்று ஆங்கிலத்தில் டைப் செய்து என்டர் தட்டுங்கள். எல்லாக் கெர்னல்களின் பொட்டலங்களும் புதுப்பிக்கப்படும். உபுண்டு, மின்ட், பாஸ் போன்ற டெபியன் வழி வந்தவற்றுக்கு இந்தக் கட்டளை பொருந்தும். பிழைச் செய்தி எதுவும் வராமல் முடிந்தால் மட்டும் ரீஸ்டார்ட் செய்யுங்கள்.

படி 5: ரெகவரி மோட்

டெஸ்க்டாப் எந்த வழியிலும் வரவில்லை என்றால், "அட்வான்ஸ்டு ஆப்ஷன்ஸ்" பட்டியலில் ஒவ்வொரு கெர்னலுக்கும் கீழே உள்ள "ரெகவரி மோட்" வரியைத் தேர்ந்தெடுங்கள். உபுண்டு, மின்ட் இரண்டிலும் ஒரு சிறிய மெனு வரும். "கிளீன்" என்பது ஹார்ட் டிஸ்க்கில் கொஞ்சம் இடம் உண்டாக்கித் தரும். டிபிகேஜி என்பது பாதியில் நின்ற பேக்கேஜ்களை ஒழுங்குபடுத்தும். பொட்டலம் அரைகுறையாக நின்றதுதான் காரணம் என்றால், இந்த இரண்டையும் வரிசையாகச் செய்தாலே பல நேரம் சரியாகிவிடும். கடைசியாக "ரெஸ்யூம்" கொடுத்தால் பூட் தொடரும்.

டெபியனிலும் பாஸிலும் இந்த மெனு இருக்காது. ரூட் பாஸ்வேர்டு கேட்டு நேராகக் கட்டளை எழுதும் இடத்துக்குப் போய்விடும். கட்டளைகளில் பழக்கம் இல்லாதவர்கள் இங்கே எதையும் அழிக்காமல் அடுத்த படிக்குப் போவது நல்லது.

படி 6: லைவ் பென் டிரைவ்

8 ஜிபி பென் டிரைவ் ஒன்றும், வேறு ஒரு கம்ப்யூட்டரும் வேண்டும். லினக்ஸ் மின்ட் அல்லது உபுண்டுவின் ஐஎஸ்ஓ பைலை டவுன்லோடு செய்து, ரூஃபஸ் அல்லது எட்சர் என்ற புரோகிராமின் உதவியால் பென் டிரைவில் எழுதுங்கள். எழுதும்போது பென் டிரைவில் முன்பு இருந்தவை அழியும் என்பதை மறக்காதீர்கள்.

கோளாறான கம்ப்யூட்டரில் அதைச் செருகி ஆன் செய்து, பூட் மெனு கீயை அழுத்துங்கள். பல லேப்டாப்களில் இது எஃப்12, எச்பி-யில் எஃப்9. பென் டிரைவைத் தேர்ந்தெடுத்தால் ஹார்ட் டிஸ்க்கைத் தொடாமலே லினக்ஸ் திறக்கும். "இன்ஸ்டால்" என்பதை மட்டும் கிளிக் செய்யவே கூடாது. பைல் மேனேஜரில் உங்கள் ஹார்ட் டிஸ்க்கைத் திறந்து, "ஹோம்" போல்டருக்குள் உங்கள் பெயரில் உள்ள போல்டரைப் பாருங்கள். எல்லாம் அங்கே இருக்கும். வேறொரு பென் டிரைவில் காப்பி செய்துகொள்ளுங்கள். நிறுவும்போது என்கிரிப்ஷன் வைத்திருந்தால் அதன் பாஸ்வேர்டு தேவைப்படும்.

இந்த நிலையிலிருந்தே ஹார்ட் டிஸ்க்கில் உள்ள லினக்ஸுக்குள் நுழைந்து பழுது பார்க்கலாம். இதற்கு சிஎச்ரூட் என்று பெயர். கற்றுக்கொள்ளும் வரை தெரிந்தவர் ஒருவர் பக்கத்தில் இருக்கட்டும்.

செக்யூர் பூட் பற்றி ஒரு வார்த்தை

புதிய லேப்டாப்களில் செக்யூர் பூட் என்ற பாதுகாப்பு உண்டு. அது இயங்கும்போது, கையெழுத்து இல்லாத மாட்யூலைக் கெர்னல் ஏற்காது. பொதுவாக இதனால் பூட் நிற்காது, அந்த ஹார்டுவேர் மட்டும் வேலை செய்யாது. நிறுவும்போது ஒரு பாஸ்வேர்டு கேட்டு, ரீஸ்டார்ட் ஆனதும் நீலத் திரை ஒன்று வந்தால் பதற வேண்டாம். உங்கள் மாட்யூலின் கையெழுத்தைப் பதிவு செய்யத்தான் கேட்கிறது. "என்ரோல்" என்று தொடங்கும் வரியைத் தேர்ந்தெடுத்து அதே பாஸ்வேர்டைக் கொடுங்கள்.

அடுத்த முறை நிறுவும் முன்

* டிஸ்ட்ரோவின் சொந்தப் பேக்கேஜ் பட்டியலில் அந்த மாட்யூல் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். இருந்தால் அதையே நிறுவுங்கள்.

* ஒரு நேரத்தில் ஒரு மாட்யூல் மட்டும் நிறுவுங்கள். ரீஸ்டார்ட் செய்து பார்த்த பிறகே அடுத்தது.

* பழைய கெர்னல் ஒன்றையாவது விட்டு வையுங்கள். இடம் மிச்சம் பிடிக்க அதையும் நீக்கிவிட்டால் படி 2 உங்களுக்கு இல்லை.

* லினக்ஸ் மின்டில் உள்ள டைம்ஷிஃப்ட் புரோகிராமில் ஒரு ஸ்னாப்ஷாட் எடுத்து வையுங்கள். சிஸ்டம் பைல்களை முந்தைய நிலைக்குக் கொண்டுவர அது உதவும். சொந்தப் பைல்களுக்கு அது பேக்கப் ஆகாது. அவற்றைத் தனியே காப்பி செய்யுங்கள்.

* லைவ் பென் டிரைவ் ஒன்றை முன்கூட்டியே தயார் செய்து மேஜை டிராயரில் போட்டு வையுங்கள். இருக்கும் ஒரே கம்ப்யூட்டர் நின்ற பிறகு அதைத் தயாரிக்க இடம் தேடி அலைய வேண்டாம்.

* நிறுவும்போது திரையில் ஓடும் வரிகளில் "எர்ரர்" அல்லது "ஃபெயில்டு" என்று வந்தால் ரீஸ்டார்ட் செய்யாதீர்கள். ஓடிக்கொண்டிருக்கும்போது சரிசெய்வது எளிது.

இத்தனைக்குப் பிறகும் கடைக்குத்தான் போக வேண்டும் என்றால், கையில் அந்த மொபைல் படத்தையும், குறித்து வைத்த தாளையும் கொண்டு போங்கள். "புது மாட்யூல் போட்ட பிறகு பூட் ஆகவில்லை. லைவ் பென் டிரைவில் போட்டு, சிஎச்ரூட் மூலம் அந்த மாட்யூலை மட்டும் எடுத்துத் தாருங்கள். பார்மட் வேண்டாம்" என்று தெளிவாகச் சொல்லுங்கள். வேறு வழியே இல்லை, பார்மட்தான் என்று சொன்னால், ஹோம் போல்டரை உங்கள் கண் முன்னே காப்பி செய்து தரச் சொல்லுங்கள். காப்பி செய்தவற்றை இன்னொரு கம்ப்யூட்டரில் திறந்து பார்த்த பிறகு சம்மதம் கொடுங்கள்.